பிடுங்கப் பிடுங்கப் பெருகும் கோரை: கடலோர வீட்டுப் புல்தரைக்கு என்ன வழி?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டு முன்னால் மூன்று சென்ட் இடத்தில் அருகம்புல் தரை போட்டிருக்கிறோம். வெறும் மணல் என்பதால் கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) அடித்துப் பரப்பித்தான் புல் நட்டோம். ஒரு வருடத்துக்குள் கோரை மண்டிவிட்டது. வாராவாரம் ஆள் விட்டுப் பிடுங்கினாலும் முன்னைவிட அதிகமாக வருகிறது. உப்புக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள் சிலர், கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள் சிலர். எதைச் செய்வது?"

இரண்டும் வேண்டாம். கிழங்கைக் கொல்லும் அளவுக்கு உப்புப் போட்டால் அந்த மண்ணில் அருகும் பிழைக்காது, பக்கத்தில் நிற்கும் முருங்கையும் பிழைக்காது. மணலில் ஊற்றிய உப்பு நேராகக் கீழே இறங்கும். நம் கடலோரத்தில் உவர்நீருக்கு மேலே மெல்லியதாக மிதக்கும் நல்ல தண்ணீரைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. கிளைபோசேட்டோ கோரையோடு அருகம்புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையும் பிறப்பித்திருக்கிறது.

முதலில் வந்திருப்பது கோரைதானா என்று உறுதி செய்யுங்கள். தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்பட வேண்டும். இலை பளபளப்பாக, அடியிலிருந்து மூன்று பக்கமாகப் பிரிந்திருக்கும். புல் வெட்டிய இரண்டாம் நாளே மற்றதைவிட ஒரு விரல் உயரமாகத் தலை நீட்டும். தோண்டினால் கறுத்த சிறு கிழங்கு. நசுக்கினால் குளியல் பொடியில் வரும் அதே வாசம். மாறாக, தண்டு உருண்டையாக இருந்து, உச்சியில் காக்காய்க் கால் மாதிரி கதிர் விரிந்தால் அது காக்காய்க்கால் புல். விதையில் வருவது, கதிர் முற்றுமுன் வேரோடு பிடுங்கினாலே போதும். கீழே சொல்லும் மருந்து அதைத் தொடாது.

கோரை பெருகுவது பெரும்பாலும் விதையால் அல்ல, கிழங்கால். மண்ணுக்குள் ஒரு கிழங்கிலிருந்து கம்பி போன்ற தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று பாசிமணி கோத்தாற்போல் போகும். நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்வரை பின்னால் இருப்பவை பெரும்பாலும் உறங்கும். கையால் இழுத்ததும் கம்பி அறுகிறது, உறங்கியவை ஒவ்வொன்றும் தனியாக முளைக்கின்றன. உங்கள் வீட்டில் ஒன்று நாலானது இப்படித்தான். இன்னொன்று: முளைத்த மூன்று, நான்கு வாரத்திலேயே செடி புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். எந்த முறையில் போனாலும் அந்தக் கெடுவுக்குள் கை வைக்க வேண்டும்.

புல்தரையில் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் மருந்தே வேண்டாம். களிமண்காரர்களுக்கு இல்லாத வசதி மணலில் நமக்கு உண்டு: கிழங்கை முழுசாக எடுக்க முடியும். முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தியை முக்கால் அடி ஆழத்துக்கு இறக்கி, மண்ணோடு நெம்பித் தூக்கி, சல்லடையில் அரியுங்கள். பிறகு கிழங்கின் இரு முனையையும் பாருங்கள். வெள்ளை நுனி கூராக முடிந்தால் அது புதுத் தளிர், அந்தப் பக்கம் தீர்ந்தது. பழுப்புக் கம்பி நார் நாராக அறுந்திருந்தால் குழியில் இன்னொரு கிழங்கு கிடக்கிறது. அந்தத் திசையில் தொடருங்கள். எடுத்ததை உரக்குழியில் போட்டால் அங்கிருந்து திரும்பி வரும். தார்ப்பாயில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் இரண்டு வாரம் காயவிட்டால் கிழங்கு சுருங்கிச் செத்துப்போகும்.

மண்டிவிட்ட இடத்துக்கு மருந்து உதவும். கடையில் 2,4-டி களைக்கொல்லி கொடுத்தால் வாங்காதீர்கள். அது கோரையின் இலையைத்தான் சுடும், காற்றில் பறந்தால் பக்கத்துப் பருத்தியையும் மிளகாயையும் கருக்கும். கேட்க வேண்டியது ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75 சதவீதக் குருணை. நம் நாட்டில் கரும்பில் வரும் கோரைக்கென்று விற்பனையாகிறது. வேர்பிடித்த அருகம்புல்லையும் கொரியன் புல்லையும் கெடுக்காது என்பதால் வெளிநாடுகளில் புல்தரைக்கே பயன்படுத்துகிறார்கள். ஏக்கருக்கு 36 கிராம், 150 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. ஒரு சென்டுக்கு 0.36 கிராம், ஒன்றரை லிட்டர். உங்கள் மூன்று சென்டுக்கு 1.1 கிராம் மருந்தும் நாலரை லிட்டர் தண்ணீரும், ஒட்டுத் திரவம் லிட்டருக்கு 2.5 மி.லி. வீதம் 11 மி.லி.யும் போதும். ஒரு கிராமைக் கண்ணளவில் போடக் கூடாது. நகைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கூடுதலாகப் போடக் கூடாது.

கோரை மூன்று முதல் ஐந்து இலை விட்டிருக்கும்போது அடிக்க வேண்டும். இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக் கூடாது. இலை இருந்தால்தான் மருந்து உள்ளே போகும். வாடிக் கிடக்கும் செடியில் வேலை செய்யாது என்பதால் முந்தின வாரம் தண்ணீர் கட்டி வையுங்கள். கச்சான் (மேற்குக்) காற்று வீசும் நாளில் அடிக்கவே வேண்டாம். மற்ற நாளில் காலை எட்டு மணிக்குள், முகக்கவசமும் கையுறையும் போட்டு, விசைக்குழாயைத் தாழ்த்திப் பிடித்து முடித்துவிடுங்கள். மிளகாய், கத்தரி, பூச்செடி பக்கம் ஓர் அட்டையை மறைப்பாகப் பிடியுங்கள். அன்று முழுக்கத் தண்ணீர் விட வேண்டாம். வெட்டிய புல்லை ஆட்டுக்குப் போடாதீர்கள். முக்கியமாக, அந்தத் தரையிலிருந்து பிள்ளையாருக்கோ சாறு பிழியவோ அருகம்புல் கிள்ளக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நாலாம் நாள் பச்சையாகவே நிற்கும். மருந்து பொய் என்று மறுபடி அடிக்காதீர்கள். பத்து நாளில் மஞ்சளாகி, மூன்று வாரத்தில் காயும். உறங்கிய கிழங்குகள் பிறகு முளைக்கும் என்பதால் ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் இரண்டாம் முறை தேவைப்படும். நம் பக்கத்துக்குத் தோதான கணக்கு: புரட்டாசியில் தண்ணீர் கட்டி முளைக்கவிட்டு, ஐப்பசி மழை இறங்குமுன் முதல் தெளிப்பு, மழை ஓய்ந்தபின் மார்கழித் தொடக்கத்தில் இரண்டாவது.

பாதிக்கு மேல் கோரையாகிவிட்டால் அந்தத் தரையைக் காப்பாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பங்குனியில் தண்ணீரை நிறுத்தி, ஓரடி ஆழம் கொத்தி, வைகாசி வரை வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். மேலே வந்த கிழங்கு காய்ந்து சாகும். கறுப்பு பாலித்தீன் விரித்து மூடுவது இங்கே பலிக்காது. ஊசி போன்ற முளை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

கோரை நிழலுக்குத் தாங்காது, ஈரத்துக்கு ஓடி வரும். அதனால் அருகை ஒன்றரை அங்குல உயரத்தில் அடர்த்தியாக விடுங்கள், ஒட்ட வழிக்காதீர்கள். தினம் தெளிப்பதை விட்டு, மண்ணும் வெயிலும் பார்த்து, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஆழ நனையுங்கள். ஒழுகும் குழாய், துணி துவைக்கும் கல், ஆர்.ஓ. கழிவுநீர் விழும் மூலை ஆகியவற்றைச் சுற்றித்தான் முதல் கோரை தலைகாட்டும். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் கண்மாய்க் கரம்பையோடு வந்திருக்கும். இனி மண்ணோ தொழு உரமோ வாங்கினால் காயவைத்து, கால் அங்குலச் சல்லடையில் சலித்த பிறகே தரையில் போடுங்கள். நாற்றுப் பண்ணையில் புல் பாய் வாங்கும்போதும் அடியைத் திருப்பி, கறுத்த கிழங்கு தொங்குகிறதா என்று பார்த்து எடுங்கள்.