டெரிவேஷன் வருகிறது, கணக்கு வரவில்லையே?

கேள்வி: தென்காசி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரும் பிப்ரவரியில் ஐஐடிகளின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதப் போகிறேன். செமஸ்டரில் கேட்கும் பத்து மார்க் டெரிவேஷன்கள், அதாவது சூத்திரத்தைப் படிப்படியாக வருவித்துக் காட்டுவது எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பழைய ஜாம் வினாத்தாளை எடுத்து உட்கார்ந்தால், மெக்கானிக்ஸிலும் குவாண்டத்திலும் பத்துக்கு மூன்று கூடத் தேறுவதில்லை. தீர்வைப் பார்த்தால் மட்டும் "அட, இவ்வளவுதானா" என்று தோன்றுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு போடவேண்டும்? எந்த வரிசையில், எப்படிப் பழகுவது?

பதில்: அந்த "இவ்வளவுதானா"வில்தான் எல்லாம் இருக்கிறது. டெரிவேஷனில் எங்கே தொடங்குவது என்பதைப் புத்தகமே சொல்லிவிடும். நுழைவுத் தேர்வுக் கணக்கில் அதைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். தீர்வைத் திறந்ததும் முதல் வரி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. மிச்சம் வெறும் அல்ஜீப்ரா, அது உங்களுக்கு ஏற்கெனவே வரும். ஆகவே பழகவேண்டியது அந்த முதல் வரியை. நாளைக்கு ஐந்து கணக்கு தாராளம்: மெக்கானிக்ஸில் மூன்று, குவாண்டத்தில் இரண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் சக்கையாகப் பிழியவேண்டும். எப்படிப் பிழிவது என்று இரண்டு கணக்குகளில் காட்டுகிறேன்.

சிமெண்டுத் தரையில் ஒரு கோலிக்குண்டைச் சுண்டிவிடுகிறீர்கள். கிளம்பும்போது சுழற்சி இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. உராய்வு அதை மெல்ல மெல்ல உருள வைக்கிறது. தொடக்க வேகம் வி, உராய்வுக் குணகம் மியூ. வழுக்கல் நின்று உருளத் தொடங்கும் கணத்தில் வேகம் என்ன?

பெரும்பாலானவர்கள் போடும் வழி இது: உராய்வு விசையால் வேகம் எப்படிக் குறைகிறது என்று ஒரு சமன்பாடு, அதன் திருப்பு விசையால் சுழற்சி எப்படிக் கூடுகிறது என்று இன்னொன்று, இரண்டும் எப்போது ஒத்துப்போகும் என்று நேரத்தைக் கண்டுபிடித்துத் திரும்பவும் வேகத்தில் போடுவது. விடை 5/7 வி என்று வரும். சரியான விடைதான். ஆனால் ஆறேழு வரி ஆகும், குறி மாறிப்போக இரண்டு இடம் காத்திருக்கும்.

இப்போது விடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மியூவைக் காணோம்! கேள்வியில் கொடுத்த ஓர் எண் விடையில் வராமல் போனால், குறுக்கு வழி ஒன்று இருக்கிறது என்று பொருள். உராய்வு விசை தரையோடு ஒட்டியே செயல்படுகிறது. எனவே தரையில், குண்டு போகும் கோட்டின் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டால், அந்தப் புள்ளியைப் பொறுத்து உராய்வுக்குத் திருப்பு விசையே கிடையாது. எடையும் தரையின் செங்குத்து விசையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆகக் கோண உந்தம் மாறாது. முதலில் இருந்தது நிறை, வேகம், ஆரம் மூன்றின் பெருக்கல். உருளும்போது அதோடு சுழற்சியின் 2/5 பங்கு சேர்ந்து, புது வேகத்துக்கு 7/5 மடங்கு ஆகிறது. விடை 5/7. ஒரே வரி.

இதோடு பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், கணக்கைத் திருகுங்கள். உள்ளே கூடான பந்து என்றால்? 3/5. வளையம் என்றால்? பாதி. எவ்வளவு ஆற்றல் வெப்பமாகப் போனது? கோலிக்குண்டுக்கு 2/7 பங்கு. அப்புறம், சுண்டும்போதே பின்னோக்கிச் சுழலும்படி விட்டால்? குண்டு முன்னே போய்த் திரும்பி நம்மிடமே வருவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். அதே கோண உந்த வரியில் ஒரு கழித்தல் குறி சேர்ந்தால் போதும்: பின்சுழற்சியால் வரும் விளிம்பு வேகம், தொடக்க வேகத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தால் குண்டு திரும்பி வரும். ஒரு கணக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஐந்தாகிவிட்டது. ஜாம் கேள்விகள் பலவும் தெரிந்த கணக்கை இப்படித் திருகியவைதான்.

இரண்டாவது கணக்கு, மெக்கானிக்ஸும் குவாண்டமும் ஒரே படத்தில் சந்திக்கும் இடம். சுருள்வில்லில் கட்டிய ஒரு நிறை, வழுவழுப்பான தரையில் முன்னும் பின்னும் ஆடுகிறது. அது சும்மா இருக்கும்போது நிற்கும் நடு இடத்தில் ஒரு சுவர் வைக்கிறோம். மோதினால் வேகம் குறையாமல் திரும்பும். அலைவு நேரம் என்ன ஆகும்? பாதியாகும். படம் வரைந்தால் எழுதவே வேண்டாம். அதாவது அதிர்வெண் இரட்டிப்பு.

இப்போது அதே அமைப்பில் ஓர் எலெக்ட்ரானை வையுங்கள். நிலையாற்றல் வரைபடம் பாதிப் பரவளையம், எல்லையில் முடிவிலி உயரச் சுவர். ஆற்றல் மட்டங்கள் என்ன? ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை முதலிலிருந்து தீர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் சமன்பாடு பழைய சீரிசை அலையியற்றியின் (சுவரில்லாத சுருள்வில்லின்) சமன்பாடேதான். புதிதாக வந்தது ஒரே ஒரு நிபந்தனை: சுவரில் அலைச்சார்பு (துகள் எங்கே இருக்க வாய்ப்பு என்று சொல்லும் சார்பு) சுழியாக வேண்டும். பழைய தீர்வுகளில் எவை நடுவில் சுழியாகின்றன? ஒற்றைச் சார்புகள் மட்டும், அதாவது நடுவைக் கடந்தால் குறி மட்டும் மாறுபவை. ஆகவே ஹெச்-பார் ஒமேகா (பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்து, கோண அதிர்வெண்ணால் பெருக்கியது) அலகில் 1/2, 3/2, 5/2, 7/2 என்று இருந்த பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்று அடிபட்டு 3/2, 7/2, 11/2 மிஞ்சுகின்றன. தாழ்நிலை, அதாவது மிகக் குறைந்த மட்டத்தின் ஆற்றல் 3/2.

இந்த மட்டங்களுக்கு இடையிலான இடைவெளியைப் பாருங்கள்: 2. முன்பு 1 ஆக இருந்தது. சுருள்வில்லில் அதிர்வெண் இரட்டித்ததே, அதே இரட்டிப்பு இங்கே இடைவெளியில் வந்து நிற்கிறது. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. டெரிவேஷனை மட்டும் மனப்பாடம் செய்த மூன்று ஆண்டுகளில் யாரும் இதைச் சொல்லவில்லை.

இங்கேயும் திருகலாம். அலைச்சார்பைப் பாதிப் பக்கத்தில் மட்டும் வைத்திருப்பதால் ரூட் 2-ஆல் பெருக்கி இயல்பாக்கவேண்டும், அதாவது மொத்த நிகழ்தகவு 1 ஆகவேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். தாழ்நிலையில் நிலையாற்றலின் சராசரி எவ்வளவு? தொகையீடு வேண்டாம். முழு அலையியற்றியின் முதல் கிளர்வு நிலையில் இருந்த அதே 3/4 தான், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

தொகையீடு செய்தே ஆகவேண்டிய கணக்கும் உண்டு. முடிவிலிச் சுவர்ப் பெட்டியில் துகள் தாழ்நிலையில் இருக்கிறது. ஒரு சுவரைச் சட்டென்று இழுத்துப் பெட்டியின் அகலத்தை இரட்டிப்பாக்குகிறோம். புதுத் தாழ்நிலையில் துகள் இருக்க நிகழ்தகவு? பழைய, புதிய அலைச்சார்புகளைப் பெருக்கிப் பழைய பெட்டிக்குள் மட்டும் தொகையிட்டு வர்க்கம் எடுத்தால், 32-ஐ 9 பை வர்க்கத்தால் வகுத்த எண், அதாவது 0.36. புதுப் பெட்டி முழுவதற்கும் தொகையிடுவதுதான் வழக்கமான தவறு. இதைப் போட்ட கையோடு இரண்டாம் நிலைக்கும் போட்டுப் பாருங்கள்: சரியாக 0.5. தாழ்நிலையைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதன் ஆற்றல் பழைய ஆற்றலுக்குச் சமம் என்பதையும் கவனியுங்கள்.

எண் கணக்குகளுக்கு ஒரு கைவேலை சொல்கிறேன். பிளாங்க் மாறிலியைப் பத்தின் அடுக்கு மைனஸ் 34-இலிருந்து தொடங்கிப் போட்டால் எங்காவது ஓர் அடுக்கு தவறும். பிளாங்க் மாறிலி பெருக்கல் ஒளிவேகம் 1240 எலெக்ட்ரான் வோல்ட் நானோமீட்டர், எலெக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 5,11,000 எலெக்ட்ரான் வோல்ட்: இந்த இரண்டையும் மனதில் வையுங்கள். ஒரு நானோமீட்டர் பெட்டியில் எலெக்ட்ரானின் தாழ்நிலை ஆற்றல் வேண்டுமா? 1240-இன் வர்க்கத்தை 8 பெருக்கல் 5,11,000-ஆல் வகுங்கள். 0.376 எலெக்ட்ரான் வோல்ட். முடிந்தது.

தேர்வின் அமைப்பைப் பொறுத்தவரை, 3 மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடையுள்ள 30 கேள்விகளில் மட்டும்தான் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். பல விடை சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகளிலும், எண்ணை நாமே உள்ளிடும் 20 கேள்விகளிலும் கழிவு இல்லை. ஆனால் பல விடைக் கேள்வியில் பாதி சரி என்று மதிப்பெண்ணும் இல்லை. நான்கையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும். அதனால்தான் திருகிப் பழகச் சொல்கிறேன். அந்த நான்கு விடைகளும் பல சமயம் ஒரே கணக்கின் நான்கு திருகல்களாக இருக்கும்.

தினசரிப் பழக்கம் இப்படி இருக்கட்டும். தீர்வை மூடிவைத்து இருபது நிமிடம் மல்லுக்கட்டுங்கள். முதலில் நிலையாற்றல் வரைபடமோ விசைப் படமோ வரையுங்கள், எது மாறாமல் இருக்கிறது என்று கேளுங்கள். வரவில்லையா, தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை வெள்ளைத் தாளில் மறுபடி போடுங்கள். இந்த மறுபடியைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள். ஒரு சின்ன நோட்டில் தவறின் காரணத்தை மட்டும் எழுதுங்கள்: "சுழல் அச்சு தப்பு", "இயல்பாக்க மறந்தேன்", "அலகு". ஒரு மாதத்தில் உங்களுக்கென்று நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

வரிசை கேட்டிருந்தீர்கள். மெக்கானிக்ஸில் உந்தம், ஆற்றல் அழிவின்மை, அப்புறம் திண்மப் பொருள் சுழற்சி, மைய விசை, சுழலும் சட்டகம். குவாண்டத்தில் பெட்டி, எதிர்பார்ப்பு மதிப்பு, அலையியற்றி, படி நிலையாற்றல். லக்ராஞ்சியனை (விசைக்குப் பதில் ஆற்றலை வைத்து இயக்கத்தை எழுதும் முறை) ஜாமுக்காகப் படிக்க வேண்டியதில்லை. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கான ஜெஸ்ட் தேர்வும் எழுதுவதாக இருந்தால் மட்டும் அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

பழைய வினாத்தாள்கள் ஜாமின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இலவசம். கடைசி மூன்று ஆண்டுத் தாள்களை இப்போது தொடாதீர்கள். ஜனவரியில் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, கைக் கால்குலேட்டரைப் பையிலேயே விட்டுவிட்டு, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்டி மூன்று மணி நேரம் முழுசாக எழுதுங்கள். அந்த மவுஸ் கால்குலேட்டர் எவ்வளவு நேரம் தின்னும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.