குழந்தைகளை வைத்துச் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தால் வெளிநாடுகளில் குழந்தைத் தொழில் குறையுமா?

தடை மட்டும் போட்டால் வேலை செய்யும் இடம்தான் மாறும், பிள்ளை வேலையை விடாது. அம்பத்தூரில் ஆடை ஏற்றுமதி கம்பெனிகளில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான்.

பங்களாதேஷைப் பாருங்கள். 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் உழைப்பில் உருவான பொருள்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனாலும், வந்துவிடுமோ என்ற பயத்திலேயே அங்கே கார்மென்ட்ஸ் முதலாளிகள் சுமார் 50,000 பிள்ளைகளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். ஐநாவின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் தேடிப் போய்ப் பார்த்தபோது சிலர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருந்தார்கள். 1995இல்தான் அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் யுனிசெஃபும் ஒப்பந்தம் போட்டன: 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பள்ளி, மாதம் 300 டாக்கா உதவித்தொகை, முடிந்தால் அதே வேலை வீட்டுப் பெரியவருக்கு. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது.

எங்கள் தையல் தளத்தில் சின்னப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஆதார் பார்க்காமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பிசிறு வெட்டவும் மணி தைக்கவும் பீஸ்கள் வியாசர்பாடிக்கு ஜாப் ஒர்க்காகப் போகும். லேட்டான லாட்டைக் கேட்டு வாங்க ஒருநாள் போனேன். ஒற்றை அறை வீடு. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று.

"ஸ்கூலுக்குப் போகலையாம்மா?"

"அம்மாக்கு ஜுரம்ண்ணா. இன்னிக்கு பீஸ் குடுத்தாதான் துட்டு."

மேனேஜரிடம் சொன்னேன். "அது நம்ம கேட்டுக்கு வெளிய நடக்குறதுப்பா" என்றார். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

உலகக் குழந்தைத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் விவசாயத்தில் இருக்கிறார்கள் என்கிறது ஐஎல்ஓ. அதில் பெரும்பகுதி சொந்தக் குடும்பத்து நிலத்தில். கப்பலே ஏறாத விளைச்சலை இறக்குமதித் தடை என்ன செய்யும்? நம் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்ததில் காமராஜர் தொடங்கிய மதிய உணவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காகத் தடையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயம் இல்லையென்றால் எங்கள் கம்பெனி வயதுச் சான்றே கேட்டிருக்காது. ஆனால் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறவர்கள் வியாசர்பாடி வரைக்கும் வரவேண்டும். பீஸுக்கு என்ன ரேட், தாய் ஒருநாள் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா என்று அங்கே கேட்கவேண்டும்.