சுருங்கிப்போன மாதிரித் துண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஜவுளி வடிவமைப்பில் இறுதியாண்டு மாணவி. எங்கள் படைப்பு வளர்ச்சியைப் பற்றி நாங்களே ஒரு கட்டுரை எழுதி, பருவ முடிவில் மற்ற வேலைகளோடு சேர்த்துத் தர வேண்டும். அதற்காக முதலாண்டிலிருந்து சேர்த்து வைத்த நோட்டுகளையும் மாதிரித் துண்டுகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன், மனம் சோர்ந்துவிட்டது. முதலாண்டில் வரைந்தவற்றில் ஒரு துணிச்சல் இருக்கிறது. கோடுகள் கோணலானாலும் அவை என்னுடையவை. பிறகு ரிப்பீட் (ஒரே வடிவம் துணி முழுவதும் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு) அமைக்கவும், சாயம் கலக்கவும், தறியில் பாவு எனும் நீளவாட்டு நூலைப் பூட்டவும் கற்றேன். இப்போது செய்பவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவற்றை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது. சென்ற ஆண்டு பருத்தியோடு முறுக்கேறிய கம்பளி நூலைக் கலந்து ஒரு துண்டு நெய்தேன். அலசியதும் அது கன்னாபின்னாவென்று சுருங்கிவிட்டது, தவறு என்று குறித்துத் திருப்பித் தந்தார்கள், ஏனோ நான் அதைத் தூக்கி எறியவில்லை. ‘இயற்கையிலிருந்து தூண்டுதல் பெற்று, பல உத்திகளை ஆராய்ந்து, எனக்கென ஒரு பாணியைக் கண்டடைந்தேன்’ என்று கட்டுரையைத் தொடங்கினேன். பொய்யாகப் பட்டதால் நிறுத்திவிட்டேன். நான் வளர்ந்திருக்கிறேனா, தேய்ந்திருக்கிறேனா? இதை எப்படி எழுதுவது?

க.

*

அன்புள்ள க.,

நிறுத்தியது நல்லது. எழுத்துக்கு வருவதற்கு முன் நானும் இதே படிப்பைப் படித்தவன். ஏறக்குறைய இதே வாக்கியத்தை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். அந்தக் கட்டுரை இன்று கையில் கிடைத்தால், அதை எழுதியவன் எந்த நூலோடு மல்லுக்கட்டினான், எந்தத் துணியைப் பாழாக்கினான் என்று ஒரு செய்திகூட அதிலிருந்து தெரியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் இரண்டே வாக்கியத்தில் கடந்துபோன அந்தச் சுருங்கிய துண்டுதான். அதில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். முறுக்கேறிய நூல் தறியில் இருக்கும்வரை இழுப்பில் நேராக நிற்கிறது. துணியை இறக்கி நனைத்ததும், அதுவரை அடங்கிக் கிடந்த முறுக்கு அவிழப் பார்க்கிறது, நூல் தன்மேல் தானே சுருண்டு நீளத்தில் குறைகிறது. பக்கத்திலிருக்கும் பருத்தி அந்த அளவுக்குச் சுருங்காததால், போக இடமின்றி மேலெழும்பி மடிகிறது. க்ரேப் துணியின் நெளிவு நெளிவான மேற்பரப்பு பெரும்பாலும் இந்த மிகை முறுக்கிலிருந்துதான் பிறக்கிறது. சீர்சக்கர் துணியில் வழி வேறு: பாவில் ஒரு பட்டையை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் விட்டு நெய்வார்கள், தளர்ந்த பட்டை குமிழ் குமிழாக எழும்பி நிற்கும். ஆக, உங்கள் கையில் தற்செயலாக நேர்ந்ததை வேண்டுமென்றே செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம், அவர்களால் அதைத் திரும்ப வரவழைக்க முடியும் என்பதுதான். கம்பளி பாவில் இருந்ததா, குறுக்கே ஓடும் ஊடையில் இருந்ததா? எத்தனை இழைக்கு ஒருமுறை விட்டீர்கள்? அலசியது வெந்நீரிலா, பச்சைத் தண்ணீரிலா? இவற்றுக்கு உங்களிடம் விடை இருந்தால் கட்டுரையில் பாதி முடிந்துவிட்டது. இல்லையென்றால் இன்னும் நான்கு துண்டுகள் நெய்யுங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்றி.

முதலாண்டின் துணிச்சலைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. தாளில் எந்தக் கோடும் எங்கும் போகலாம், தடுக்க எதுவுமில்லை. நான் முதன்முதலில் துணிக்கென வரைந்தது ஒரு பூங்கொத்துக் கொடி. தாளில் பார்த்த எல்லோரும் பாராட்டினார்கள். அதை ஸ்கிரீன் பிரிண்டில் சில மீட்டர் நீளத்துக்கு அச்சிட்டுத் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது, கொத்துகளுக்கு நடுவிலிருந்த காலியிடங்கள் வரிசை வரிசையாக ஒன்றோடொன்று சேர்ந்து, துணி முழுவதும் சரிவாக வெள்ளைப் பாதைகள் ஓடின. நான் வரையவே வரையாத அந்தக் கோடுகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த வரிசையைப் பாதி உயரம் கீழிறக்கிப் பொருத்தி, இடைவெளியில் ஓர் இலையை நுழைத்து, எனக்கு மிகப் பிடித்திருந்த பெரிய பூவைச் சிறிதாக்கிய பிறகே பாதைகள் மறைந்தன. தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வரைபடம் முதலாவதைவிடச் சாதுவானது. என் துணிச்சல் போய்விட்டது என்றுதான் எவரும் சொல்வார்கள். இன்று நீங்கள் பென்சிலை எடுக்கும்போதே அந்தப் பாதை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதை வரையாமல் தவிர்க்கிறீர்கள். தவிர்த்தவை நோட்டில் பதிவாவதில்லை. ஆகவேதான் மேசையில் பரப்பியபோது இழப்பு மட்டும் தெரிந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் ‘ஸ்ட்ராபெரி திருடன்’ என்ற துணியை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். தோட்டத்துப் பழத்தைப் பறவைகள் திருடுகின்றன. கருத்து என்று பார்த்தால் ஒரு குழந்தைக்கும் தோன்றக்கூடியது. அந்தத் துணி வந்தது 1883-இல். ஆனால் மோரிஸ் 1875 முதலே இங்கிலாந்தின் லீக் நகரில் தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறையில் கை நீலமாக நின்றுகொண்டிருந்தவர். 1881-இல் லண்டனை ஒட்டிய மெர்ட்டன் அபேக்குத் தன் பட்டறையை மாற்றிய பிறகே, துணி முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் மட்டும் நீலத்தை வெளுத்தெடுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றும் முறை அவருக்குக் கைவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை அந்தத் தொட்டியருகே பார்த்தவர்கள், நன்றாக வரைந்துகொண்டிருந்த மனிதர் ஏன் இப்படி ஆனார் என்று நினைத்திருக்கக்கூடும். (உங்கள் மூன்று ஆண்டுகளை அவருடைய எட்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பதும் தெரிந்தே எழுதுகிறேன்.)

‘யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்’ என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப வேண்டாம். ஆனால் அதற்குக் காரணம் நீங்கள் கற்ற உத்திகள் அல்ல. உங்களுடையது என்று சொல்லும்படியான ஒரு சிக்கல் உங்களிடம் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவாகத் தரப்பட்ட தலைப்பில் அந்த உத்திகளைப் பயன்படுத்தியதுதான். 1922-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்து பின்னாளில் பெயர்பெற்ற நெசவுக் கலைஞரான ஆனி ஆல்பெர்ஸ் நெசவை விரும்பி எடுக்கவில்லை. அங்கே பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத்தான் அனுப்பினார்கள். 1930-இல் பட்டயத்துக்காக அவர் நெய்தது பெர்லினுக்கு அருகே பெர்னாவிலிருந்த தொழிற்சங்கப் பள்ளி ஒன்றின் அரங்கத்துக்கான சுவர்த்துணி. அரங்கத்தில் எதிரொலி அடங்க வேண்டும், வெளிச்சமும் குறையக் கூடாது. ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும் ஷெனீல் என்ற பொசுபொசுப்பான நூலும், மறுபக்கம் ஒளியைத் திருப்பியனுப்பும் செல்லோஃபேன் என்ற பளபளப்பான மென்தாளுமாக நெய்து தந்தார். அதில் அவருடைய பாணி எது என்று தேடுவது எனக்கு வீண் வேலையாகவே தோன்றுகிறது. அந்த அரங்கத்தின் தேவையைத் துல்லியமாக எடுத்துக்கொண்டதால்தான் அந்தத் துணி வேறொருவர் நெய்ததைப் போல் இல்லை.

கட்டுரையைச் சுருங்கிய துண்டிலிருந்தே தொடங்குங்கள்: என்ன எதிர்பார்த்தீர்கள், நீரிலிருந்து எடுத்தபோது கையில் எப்படி இருந்தது, அதை ஏன் எறியவில்லை. முதலாண்டுப் படங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதைத் துணியில் போட்டிருந்தால் எங்கே இடறியிருக்கும் என்று இன்றைய கண்ணால் எழுதுங்கள். தேய்ந்ததாக உண்மையிலேயே தோன்றும் இடம் இருந்தால் அதையும் அப்படியே எழுதலாம். மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. எனக்கு அது கிடைத்தது பொய்க்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். துண்டைக் கட்டுரையோடு வைக்க அனுமதித்தால் ஓர் ஓரத்தில் மட்டும் தைத்து வையுங்கள், படிக்கிறவர் மடிப்புகளைத் தொட்டுப் பார்க்கட்டும். அதற்கு முன் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதை இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.