காம்பர் ட்ரெயிலருக்கு 200 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி வாங்க முதல்

தம்பி, மெல்பேர்னுக்கு வந்து எட்டு மாதத்திலேயே பழைய காம்பர் ட்ரெயிலர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற வண்டி) ஒன்று வாங்கிவிட்டீர், சந்தோசம். அதிலிருக்கிற 100 அம்பியர்-மணி ஏஜிஎம் பற்றரி முதல் இரவே விடியமுன் இறங்கிவிடுகிறது, பிள்ளைகள் இரண்டு பேரோடும் கறன்ற் இல்லாத இடத்தில் மூன்று இரவு தங்க 200 அம்பியர்-மணி லித்தியம் போட்டால் சரிவருமா என்று கேட்டிருந்தீர். நான் இப்போது லீவில் வட்டக்கச்சியில் நிற்கிறேன். நேற்றுப் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் நின்றபோதுதான் இதை உமக்கு எப்படிச் சொல்வது என்று பிடிபட்டது.

நீரும் மல்லாவியில் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த வீட்டுப் பிள்ளை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். கனகராயன் ஆறு வராவிட்டால் இரணைமடு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? உம்முடைய பற்றரியும் ஒரு குளம்தான். எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு உள்ளே வருகிறது, இது இரண்டும் தெரியாமல் குளத்தைப் பெருப்பிக்க வேண்டாம்.

செலவைப் பாரும். 50 லீற்றர் பிரிட்ஜ் கோடைகாலத்தில் ஒரு நாளைக்கு 35, 40 அம்பியர்-மணி (அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கிய கணக்கு) இழுக்கும். எல்ஈடி லைற், நாலு போன், தண்ணீர்ப் பம்பி எல்லாம் சேர்த்து இன்னும் 15. ஆக 55 என்று வைத்துக்கொள்ளும். ஏஜிஎம் ஈயப் பற்றரி, அதைப் பாதிக்குக் கீழே திரும்பத் திரும்ப இறக்கினால் கெதியாகச் செத்துவிடும், எனவே 100 என்று எழுதியிருந்தாலும் உமக்குக் கிடைப்பது 50, பழசானால் அதுவும் இல்லை. இது எங்களுக்குப் புதுக்கதை இல்லை. தொண்ணூறுகளில் கார் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஜெனரேற்றர் இருந்த கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ச் ஏற்றிவந்த காலத்தில், லைற் மங்கத் தொடங்கினால் உடனே கழற்றச் சொல்லி அப்பா கத்துவார், ஏனென்றால் போர்க்காலத்தில் அரசாங்கம் எங்கள் பக்கம் கொண்டுவர விடாத சாமான்களின் தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது, ஒன்று செத்தால் இன்னொன்று கிடையாது.

லித்தியம் அயன் பொஸ்பேற் என்றால் 100 இல் 80, 90 வரை பயமில்லாமல் எடுக்கலாம். பாரமும் 30 கிலோவுக்குப் பதில் 12 கிலோ அளவில்தான். அதனால் உமக்கு 100 லித்தியம் போதும், மிச்சக் காசை நிரப்புகிற வழியில் போடும். 200 வாற் சோலர் பனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 55, 60 அம்பியர்-மணி தரும், உம்முடைய செலவுக்குக் கிட்டத்தட்டச் சரி. பனலை வடக்கே பார்த்துச் சாய்த்து வையும், அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். மழைமூட்டமும் குளிர்காலமும் இதில் பாதியைக்கூடத் தராது, அப்போது கைகொடுப்பது காரிலிருந்து ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர். 25 அம்பியர் சார்ஜர் என்றால் இரண்டு மணித்தியால ஓட்டத்தில் 50 ஏறிவிடும். லித்தியத்தைக் காரின் அல்ற்றனேற்றரில் (எஞ்சின் ஓடும்போது கறன்ற் எடுக்கிற டைனமோ) நேரே கொழுவ வேண்டாம், அது அளவுக்கு மிஞ்சி இழுத்து அல்ற்றனேற்றரைச் சூடாக்கிவிடும். பழைய ஏஜிஎம்மோடு பரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்க்கவும் வேண்டாம்.

நான் பட்டது வயரில். முதல் தடவை மறே ஆற்றங்கரைக்குப் போனபோது புதுப் பற்றரி, நிறையச் சார்ச், ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிரிட்ஜ் நின்றுவிட்டது. விடிய மீனெல்லாம் மணந்துவிட்டது, பிள்ளைகளுக்குக் கொண்டுபோன பாலும் திரிந்துபோனது. பற்றரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு மீற்றர் வைத்துப் பார்த்தால் பற்றரியில் 12.4 வோல்ற், பிரிட்ஜ் பிளக்கில் 11 கூட இல்லை, இடையில் ஆறு மீற்றர் நூல் மாதிரி வயர். வோல்ற் குறைந்ததும் பிரிட்ஜ் தன்னைத்தானே நிறுத்தியிருக்கிறது. அங்கே கடையில் 6 மில்லிமீற்றர் ஓட்டோ கேபிள் என்று விற்பது உறையோடு சேர்த்த தடிப்பு, உள்ளே செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீற்றர்தான், அதையும் கவனியும். பிரிட்ஜுக்குத் தனி வயர் தடிப்பாக இழுத்து, பியூஸைப் பற்றரிக்குக் கிட்ட வையும். ஏனென்றால் பியூஸ் காப்பாற்றுவது வயரை.

பிள்ளைகள் படுக்கிற இடத்துக்குள் லித்தியத்தை வைக்காதையும். காரவன், காம்பர் வயரிங்குக்கு 2022 இல் வந்த அவுஸ்திரேலிய 3001.2 நியமம் இதில் கடுமை, வெளிப்பெட்டிதான் நல்லது. பழைய சார்ஜரில் லித்தியத்துக்கான செற்றிங் இருக்கிறதா என்று பாரும். பூச்சியம் பாகைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ச் பண்ணக்கூடாது, விக்ரோறிய மலைப்பக்கம் யூலையில் போனால் விடியற்காலையில் அது நடக்கும். வோல்ற்மீற்றரை நம்பி இருக்க வேண்டாம், லித்தியம் 13.2 இலேயே நெடுநேரம் நின்று திடீரென்று விழும். ஷண்ட் (போகிற வருகிற கறன்ற்றை அளக்கிற துண்டு) வைத்த மொனிற்றர் ஒன்று போட்டால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும், குளத்து அளவுகோல் மாதிரி.

கேத்தலுக்காக இன்வேற்றர் (பற்றரிக் கறன்ற்றை 240 வோல்ற் ஆக்குகிற பெட்டி) வாங்குகிற யோசனை இருந்தால் விடும், 2000 வாற் கேத்தல் பற்றரியிலிருந்து 170 அம்பியருக்கு மேல் இழுக்கும், தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பு இருக்கிறது. 240 வோல்ற் வேலை ஏதும் இருந்தால் லைசன்ஸ் உள்ள எலக்ரீசியனைத்தான் பிடிக்க வேண்டும், அது சட்டம்.

நான் அடுத்த கிழமை திரும்புகிறேன், வரும்போது வயரைக் கவ்விக் கறன்ற் அளக்கிற டிசி கிளாம்ப் மீற்றரோடு உம்முடைய வீட்டுக்கு வருகிறேன். அதுவரை பிரிட்ஜை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மாலையும் காலையும் பற்றரியிலும் பிளக்கிலும் வோல்ற் பார்த்து எழுதி வையும்.