வெயில் மாறியதா, பின்னணி மாறியதா?

கேள்வி: நீர்ப்பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். மேகம் ஓடும் நாளில் என்னால் ஈடுகொடுக்கவே முடியவில்லை. கரும்பச்சைப் புதருக்கு முன்னால் நிற்கும் கொக்கு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. அதுவே எழும்பி வானத்துக்குப் போனதும் இருண்டுவிடுகிறது. தானியங்கி முறையை விட்டுவிட்டு எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலுக்குப் போய்விடலாமா?

பதில்: நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு சிக்கல்களைச் சொல்லிவிட்டீர்கள். மேகம் மறைத்தால் ஒளியே மாறுகிறது. கொக்கு புதரை விட்டு வானத்துக்குப் போனால் மாறுவது பின்னணி மட்டும்தான். அதன் முதுகில் விழுவது அதே வெயில். எனக்குத் தெரிந்தவரை பறவைப் படங்களில் பாதிக்கு மேல் கெடுவது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

கேமராவின் ஒளிமானி படச் சட்டத்துக்குள் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. இருண்ட புதர் நிறைந்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு வெளுக்கும். வெளிர் வானம் நிறைந்திருந்தால் குறைக்கும், கொக்கு இருளும். எத்தனை புதிய கேமராவானாலும் இந்தப் பழக்கம் அதை முழுதாக விட்டுப் போவதில்லை.

ஆகவே வானம் தெளிவாக இருக்கும்போது மேனுவல்தான். பறவை எங்கே வேண்டுமானாலும் பறக்கட்டும், அளவை மாற்றவே வேண்டாம். சூரியன் நன்றாக மேலே ஏறி, நம் முதுகுப் பக்கம் இருக்கும்போது பழைய பிலிம் காலத்துக் கணக்கு இன்றும் கைகொடுக்கும்: ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்; ஏற்றினால் படம் வெளிச்சமாகும், புள்ளிகளும் கூடும்) 400 என்றால் எஃப் 16 அபெர்ச்சரில் (லென்ஸின் துளை; எண் குறைந்தால் துளை பெரிது) ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/400 நொடி. பறவைக்கு ஏற்றபடி மாற்றினால் எஃப் 5.6-இல் 1/3200. வெள்ளைக் கொக்குக்கு அதிலும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி, குறையுங்கள். ஐஎஸ்ஓவை 200-க்கு இறக்கினால் போதும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது, கூட்டித்தான் வைக்க வேண்டும்.

மேகம் ஓடும் நாளில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவைக் கேமராவிடம் விட்டுவிடுங்கள். எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) திருத்தும் சக்கரத்திலிருந்து மட்டும் கட்டைவிரல் நகரக் கூடாது. வெள்ளைப் பறவைக்குப் பின்னால் இருள் என்றால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கீழே. பின்னால் வெளிர் வானம் என்றால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் மேலே. ஐஎஸ்ஓ தானாக ஓடும்போது இந்தத் திருத்தம் உங்கள் கேமராவில் வேலை செய்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் நான் அடிக்கடி பார்ப்பது தரையில் விழும் என் நிழலைத்தான். அது பறவையை நோக்கி நீண்டிருந்தால் வெயில் பறவையின் முகத்தில் இருக்கிறது. நிழலின் ஓரம் கத்தரித்ததுபோல் இருந்தால் வெள்ளை இறகு படத்தில் விவரமின்றி வெளுத்துவிடும் என்று பொருள். ஓரம் கரையத் தொடங்கினால் மேகம் வந்துவிட்டது, சக்கரத்தைத் திருப்ப வேண்டும்.

பயிற்சிக்கு வெண்மார்பு மீன்கொத்தியைவிட நல்ல பறவை இல்லை. தலையும் வயிறும் அடர் பழுப்பு. தொண்டையும் மார்பும் பளீர் வெள்ளை. படத்தைப் பெரிதாக்கி அந்த மார்பைப் பாருங்கள். இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் மெல்லிய சாம்பல் கோடுகள் தெரிந்தால் அளவு சரி. வெறும் வெள்ளைத் தாளாகக் கிடந்தால் எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. பழுப்பை, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலிருந்து பிறகு வெளிச்சமாகத் தூக்கிக்கொள்ளலாம். ஹிஸ்டோகிராமை (படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) நம்புகிறவர்கள் கவனிக்க: சட்டத்தில் மீன்கொத்தி சிறியது, அதன் மார்பு அதிலும் சிறியது. வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய கோடாகத்தான் அது தெரியும். நடுவில் இருக்கும் பெரிய மேடு புதருடையது.

கேள்வி: ஊதாத் தேன்சிட்டு நேரில் மின்னுகிறது, படத்தில் கறுப்பாகவே விழுகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். ஆண் தேன்சிட்டின் பளபளப்பு சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறப்பது. குறிப்பிட்ட கோணத்தில்தான் அது நம் கண்ணுக்கு வரும். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும், பறவை தலையைத் திருப்பும் வரை பொறுத்திருந்து தொடர்ச்சியாகச் சொடுக்குங்கள். ஒரு படத்தில் கறுப்பு, அடுத்ததில் ஊதா, அதற்கடுத்ததில் பச்சை என்றுகூட வரும். மீன்கொத்தியின் நீலமும் இறகின் அமைப்பால் வருவதுதான். ஆனால் அந்த அமைப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் நிழலிலும் நீலமாகவே தெரிகிறது.

கேள்வி: பொழுது சாயும்போது ஐஎஸ்ஓவை எதுவரை ஏற்றலாம்?

பதில்: பறவை கூர்மையாக விழும் வரை. புள்ளி தட்டிய படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் தூக்கினால் புள்ளிகள் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கும். அமர்ந்திருக்கும் பறவை என்றால் முக்காலியில் வைத்து 1/125 வரை இறங்கலாம். அது தலையசைப்பதை நிறுத்தும் நொடிக்காகக் காத்திருங்கள்.

கேள்வி: கூட்டின் மேல் இலைகள் மறைத்து ஒளி விழவில்லை. இரண்டு மூன்று சிறு கிளைகளை மட்டும் ஒதுக்கிக் கட்டினால் தவறா?

பதில்: தவறு. வெட்டுவதும் தவறு, ஒதுக்கிக் கட்டுவதும் தவறு, பிளாஷ் அடிப்பதும் தவறு. உங்களுக்குத் தடையாகத் தெரியும் அந்த இலைகள்தான் இறகு முளைக்காத குஞ்சுக்கு வெயிலிலிருந்து காப்பு. மேலே வட்டமிடும் பருந்தின் கண்ணிலிருந்தும் காக்கையின் கண்ணிலிருந்தும் கூட்டை மறைப்பதும் அவைதான். அரை மணி நேர நேரடி வெயில் உங்களுக்கு நல்ல ஒளி, குஞ்சுக்கு உயிர் போகும் வெப்பம். இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் பறவைக் கூட்டின் படங்களை நான் திருப்பி அனுப்புவதற்கு இதுவே காரணம். தாய்ப்பறவையைக் கூட்டிலிருந்து வெகு தொலைவில், அது இரை தேடும் இடத்தில் எடுங்கள். அலகில் புழுவுடன் வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் நின்று கத்திக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்கும் இடம் அதற்குப் பிடிக்கவில்லை. அந்த நிமிடமே கேமராவை மூடிக்கொண்டு விலகிவிடுங்கள்.