கொடை அழைப்பிதழ் வர வேண்டிய தாளில் குறியீடு வந்தால்…

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். பாளையங்கோட்டையில் இருக்கும் வடிவமைப்பாளர் கோயில் கொடை அழைப்பிதழ்களை ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ கோப்பாக அனுப்புவார். அவர் சொல்லிக்கொடுத்தபடி கணினியில் ‘காப்பி’ கட்டளை போட்டு நேராக பிரிண்டருக்கு அனுப்புவேன். பழைய பிரிண்டரில் அழகாக வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் புது லேசர் பிரிண்டர் வாங்கினேன். அதில் சுடலைமாடன் படமும் வரிதாரர் பட்டியலும் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 40 தாள் ஓடிவிட்டது. “எல்லா ஃபைலும் பிரிண்ட் ஆகும்” என்று சொல்லி விற்றவர், இப்போது “ஃபைலில்தான் கோளாறு” என்கிறார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கோப்பில் கோளாறு இல்லை. பிரிண்டரும் பழுதாகவில்லை. கோப்பு பேசும் மொழி இந்த பிரிண்டருக்குத் தெரியாது. இதை வாங்குவதற்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் கோடு, எங்கே படம் என்று பிரிண்டருக்குச் சொல்வதற்கென்று தனி மொழிகள் இருக்கின்றன. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது அடோபி நிறுவனம் 1980களில் உருவாக்கிய மொழி. பி.சி.எல். என்பது ஹெச்.பி. நிறுவனத்தின் மொழி. இரண்டும் தெரிந்த பிரிண்டர்கள் உண்டு, ஒன்று மட்டும் தெரிந்தவையும் உண்டு. விலை குறைந்த பல மாடல்களுக்கு இரண்டுமே தெரியாது. அவற்றுக்குப் பக்கத்தைக் கணினியே முழுதாக வரைந்து கொடுக்க வேண்டும். கணினியில் திறந்து அச்சிடும்போது, பிரிண்டருக்கென்று கணினியில் நிறுவும் ‘டிரைவர்’ என்ற மென்பொருள் இந்த மொழிபெயர்ப்பைச் செய்துவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. நீங்கள் காப்பி கட்டளையில் அனுப்பும்போது டிரைவர் நடுவில் வருவதே இல்லை. பழைய பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்திருந்தது. புதியது அந்தக் கட்டளைகளை வெறும் எழுத்தாக நினைத்து வரிக்கு வரி அடித்துத் தள்ளிவிட்டது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சதவீதக் குறி, ஒட்டி ஆச்சரியக்குறி, அடுத்து பி, எஸ் என்ற எழுத்துகள் இருந்தால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட். ‘பி.ஜே.எல்.’ (பிரிண்டர் வேலைக் கட்டளைகள்) என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அவற்றில் ‘என்டர் லாங்குவேஜ்’ என்பதைத் தேடுங்கள். கோப்பின் மொழி அங்கேயே எழுதியிருக்கும். பிறகு விண்டோஸில் பிரிண்டரின் சோதனைப் பக்கத்தை அடியுங்கள். அது ஒழுங்காக வந்தால் பிரிண்டரும் டிரைவரும் நலம்.

பலரும் இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு உண்டு. அழைப்பிதழின் கரையும் படமும் சரியாக வந்து, ‘அம்மன்’ என்ற இடத்தில் மட்டும் எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி என்று வந்தால் அது மொழிச் சிக்கல் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துரு கோப்போடு சேர்ந்து வரவில்லை என்று பொருள்.

கொடை நாள் நெருங்கும்போது சண்டைக்கு நேரமில்லை. எழுத்துருக்களை உள்ளே பதித்து பி.டி.எஃப். ஆக அனுப்பும்படி வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். கையில் இருக்கும் பழைய கோப்புகளை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் பி.டி.எஃப். ஆக மாற்றித் தரும். அதைத் திறந்து வழக்கம்போல அச்சிட்டால் போதும். மறுபடி குறியீடு வர ஆரம்பித்தால் முதலில் காகிதத் தட்டை வெளியே இழுங்கள், அப்புறம் கணினியில் வேலையை ரத்து செய்யுங்கள்.

இனி விற்றவர் விஷயம். பெட்டியையும் விவரக் குறிப்பையும் பாருங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பெயரே இல்லாமலும் அந்த வசதி இருக்கலாம். பிரதர் அதை பி.ஆர்.ஸ்கிரிப்ட் என்றும் கியோசெரா கே.பி.டி.எல். என்றும் குறிப்பிடும். அப்படி எதுவும் இல்லையென்றால், தயாரித்த நிறுவனம் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் விற்றவர் வாய்ச்சொல்லுக்குப் பொறுப்பு உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரத்தையும் பயனையும் பற்றிப் பொய்யாக வாயால் சொல்வதையும் முறையற்ற வணிகமாகவே கருதுகிறது. அதை நிரூபிப்பதுதான் கடினம். விலை பேசியபோது வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். பில்லில் உள்ள அந்த வாசகத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். பழுதான பொருளைத் திரும்பப் பெற பில்லில் கெடு குறிக்காத கடைக்காரருக்கு 30 நாள் கெடு என்கிறது இதே சட்டம். உங்களுடையது பழுதா, பொருந்தாமையா என்று அவர் வாதாடலாம். அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட, வித்தியாசத் தொகையைக் கட்டி போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த மாடலாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

இசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மேல் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. “கடைக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு சொல்லும். வணிகத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்ற விலக்கு சட்டத்தில் உண்டு, ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை அந்த விலக்கில் சட்டம் சேர்க்கவில்லை. நீங்களும் மனைவியும் மட்டுமே கடையை நடத்துகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வீணான தாள்களில் நாலைந்தைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: களக்காட்டில் டியூஷன் நடத்துகிறேன். வினாத்தாள் பி.டி.எஃப். அச்சிட்டால் சில பக்கங்களுக்குப் பிறகு ‘பி.சி.எல். எக்ஸ்.எல். எரர்’ என்று ஒரு தாள் மட்டும் வந்து நின்றுவிடுகிறது. பிரிண்டரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பி.சி.எல். எக்ஸ்.எல். என்பது மேலே சொன்ன பி.சி.எல். மொழியின் ஒரு வகை. பெரும்பாலும் டிரைவர் மாற்றினாலே தீரும். அதே பிரிண்டருக்கு பி.சி.எல். 5 அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரைக்கும், அக்ரோபாட் ரீடரில் அச்சிடும்போது ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ என்பதை டிக் செய்யுங்கள். மெதுவாக வரும், ஆனால் வினாத்தாள் முழுதாக வரும்.