எழுந்ததும் தலைசுற்றல், பிரஷர் மட்டும் சரி: பதில்

அப்பா படுக்கையை விட்டு எழுந்ததும் தலை சுற்றுகிறது, பிரஷர் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். நின்றதும் பிரஷர் இறங்கும் கோளாறாக இருக்கலாம்; உட்காரவைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருமுறை, எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் பெரும்பாலும் அதுதான்.

நின்றதும் அரை லிட்டர் ரத்தமாவது கால், வயிற்றுப் பக்கம் இறங்கும். அதனால் பிரஷர் குறைவதைக் கழுத்துத் தமனியின் உணரிகள் மூளைக்குச் சொல்ல, நரம்புகள் இதயத்தை முடுக்கி ரத்தக்குழாய்களை இறுக்கும். கெண்டைத்தசையும் ரத்தத்தை மேலே தள்ளும். எல்லாம் சில வினாடி வேலை. நீண்டநாள் சர்க்கரை, தண்ணீர்க் குறைவு, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் (இதைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை) இவை இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவுகளை எழுதிக் காட்டுங்கள். அதுவரை, எழுமுன் பாதங்களை இருபது தடவை ஆட்டிவிட்டு, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.